கோயில், பள்ளி, கடைகளுக்கு இலவச வெப்சைட். பதிலுக்கு பேக்லிங்க் (நம் தளத்துக்கு ஒரு லிங்க்) கேட்கலாமா?

செந்தூல்வாசி (கோலாலம்பூர்) கேட்டது:

வணக்கம். செந்தூலில் இரண்டு பேராக நடத்தும் சின்ன வெப் டிசைன் நிறுவனம் எங்களுடையது. கூகுளில் ‘வெப் டிசைன் கோலாலம்பூர்’ என்று தேடினால் எங்கள் பெயர் கண்ணில் படுவதே இல்லை. விளம்பரத்துக்குப் போடப் பெரிய காசும் கிடையாது. அதனால் ஒரு திட்டம் யோசித்திருக்கிறோம்.

பத்து இடங்களுக்கு இலவசமாக வெப்சைட் செய்து கொடுப்பது. சில கோயில்கள், இரண்டு மூன்று தமிழ்ப்பள்ளிகள், மீதி பிரிக்பீல்ட்ஸிலும் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவிலும் இருக்கும் சின்னக் கடைகள். பதிலுக்கு எல்லாப் பக்கங்களின் ஃபுட்டரிலும் (அடிப்பகுதியிலும்) ‘கோலாலம்பூர் வெப் டிசைன்’ என்ற சொற்களில் எங்கள் தளத்துக்கு ஒரு லிங்க். இரண்டு வருடத்துக்கு அதை எடுக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது.

கூகுள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளுமா? லிங்கில் நோஃபாலோ (இதைப் பரிந்துரையாக எண்ண வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் குறி) போட்டால் இவ்வளவு வேலைக்கும் பலன் இல்லாமல் போய்விடாதா? வேர்ட்பிரஸில் செய்வதா, வெறும் எச்டிஎம்எல் போதுமா? டொமைனுக்கும் (தள முகவரி) ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) யார் காசு கட்டுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேடல்பித்தன் (பெட்டாலிங் ஜெயா):

இலவசமாகச் செய்து கொடுப்பதில் தவறு எதுவும் இல்லை. செய்தவர் பெயர் தளத்தில் இருப்பதிலும் தவறு இல்லை. ‘இதைக் கொடுத்தால்தான் அது’ என்று இரண்டையும் முடிச்சுப் போடும்போதுதான் வம்பு வருகிறது.

கூகுள் தேடலின் ஸ்பேம் கொள்கையில் லிங்க் ஸ்பேம் என்றே தனிப் பகுதி இருக்கிறது. உங்கள் திட்டம் அதில் மூன்று இடங்களில் மாட்டுகிறது. பொருளையோ சேவையையோ கொடுத்து லிங்க் வாங்குவதை, காசு கொடுத்து வாங்குவதோடு சேர்த்தே அங்கே எழுதியிருக்கிறார்கள். ரிங்கிட் கைமாறவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. பல தளங்களின் ஃபுட்டரிலும் டெம்ப்ளேட்டிலும் (தளத்தின் மாதிரி வடிவம்) பரப்பி வைக்கும் லிங்கும் பட்டியலில் உண்டு. மூன்றாவதுதான் உங்களுக்கு நேராகப் பொருந்துவது: ஒப்பந்தம் வழியாக லிங்கைக் கட்டாயமாக்கி, அதற்கு நோஃபாலோ போடும் உரிமையைத் தளத்துக்குச் சொந்தக்காரருக்குக் கொடுக்காமல் இருப்பது. அந்த ‘இரண்டு வருடம் எடுக்கக்கூடாது’ வரியை முதலில் அடித்துவிடுங்கள்.

இப்போது நடைமுறையில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். 2012 ஏப்ரலில் லிங்க் மோசடியைக் குறிவைத்து பெங்குவின் என்ற கூகுள் அப்டேட் வந்தபோது இப்படிப்பட்ட லிங்குகள் உள்ள தளங்கள் தேடலில் கீழே தள்ளப்பட்டன. 2016 செப்டம்பரில் பெங்குவின் கூகுளின் முக்கிய அல்காரிதத்துக்குள் சேர்ந்தது. அதிலிருந்து இத்தகைய லிங்குகளின் மதிப்பைக் கழித்துவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. 2022 டிசம்பரில் வந்த லிங்க் ஸ்பேம் அப்டேட்டில் ஸ்பேம்பிரெய்ன் என்ற கருவியையும் இந்த வேலைக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஆகவே உங்களுக்கு அதிகம் நடக்கக்கூடியது தண்டனை இல்லை. பத்துத் தளம் கட்டிய உழைப்புக்கு ஒன்றும் கிடைக்காமல் போவது, அதுவும் ஏன் என்று யாரும் சொல்லாமலே.

தண்டனையே வராது என்றும் சொல்லிவிட முடியாது. கூகுள் ஆட்கள் நேரில் பார்த்து எடுக்கும் நடவடிக்கை, தளச் சொந்தக்காரர்களுக்கான கூகுள் கருவியான சர்ச் கன்சோலில் ‘மேனுவல் ஆக்‌ஷன்’ பகுதியில் தெரியும். லிங்க் சம்பந்தமாக அது இரண்டு வகை: உங்கள் தளத்தை நோக்கி வரும் இயற்கையற்ற லிங்குகள், உங்கள் தளத்திலிருந்து வெளியே போகும் இயற்கையற்ற லிங்குகள். இரண்டாவது வகை உங்கள் மேல் வராது. கோயில் மேல், பள்ளி மேல் வரும். சர்ச் கன்சோல் என்ற ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நல்லது செய்யப்போன இடத்தில் நம்மால் அவர்களுக்குக் கேடு வரலாம் என்பதை யோசியுங்கள்.

ஃபுட்டரில் எந்தச் சொற்களில் லிங்க் இருக்கிறது என்பதும் முக்கியம். ‘கோலாலம்பூர் வெப் டிசைன்’ என்று எந்தக் கோயில் செயலாளரும் தானாக எழுத மாட்டார். பத்துத் தளங்களிலும் ஒரே சொற்கள், எல்லாம் தேடலில் மேலே வரவேண்டிய அதே சொற்கள் என்றால் பார்த்த உடனே தெரிந்துவிடும். உங்கள் நிறுவனத்தின் பெயரை மட்டும் போடுங்கள். அறுபது பக்கத் தளத்தில் எல்லாப் பக்கத்திலும் லிங்க் இருப்பதால் அறுபது பேர் பரிந்துரைத்ததாக ஆகிவிடாது. அது ஒரே தளம் சொன்ன ஒரே பரிந்துரைதான். முகப்புப் பக்கத்தில் ஒன்று, அல்லது ‘எங்களைப் பற்றி’ பக்கத்தின் கடைசியில் ஒன்று. அது போதும்.

கோயிலில் டியூப் லைட் வாங்கிக் கொடுத்தவர் பெயரை நிர்வாகமே ‘உபயம்’ என்று எழுதி வைக்கிறது. பெயர் போட்டால்தான் விளக்குத் தருவேன் என்று யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. அந்த முறையில் செய்யுங்கள்.

நோஃபாலோ பற்றி: 2005இல் வந்தது. 2019 செப்டம்பரில் அதோடு ‘ஸ்பான்சர்ட்’ (கைம்மாறுக்குக் கிடைத்த லிங்க்), ‘யுஜிசி’ (பயனர்கள் எழுதியதில் உள்ள லிங்க்) என்று இரண்டு சேர்ந்தன. அன்றிலிருந்து இவை மூன்றையும் கூகுள் கட்டளையாக இல்லாமல் குறிப்பாகவே எடுத்துக்கொள்கிறது. பதிலுக்குப் பதில் என்று ஏதாவது பேசியிருந்தால் ஸ்பான்சர்ட் அல்லது நோஃபாலோ போட்டே ஆகவேண்டும். போட்டுவிட்டால் லிங்க் கொள்கையை மீறியதாக ஆகாது. ‘பலன் இல்லையே’ என்ற கேள்வியில் ஒன்று விட்டுப்போகிறது. பக்கத்துக் கோயில் தலைவர் இந்தத் தளத்தைப் பார்க்கிறார், கீழே பெயரைத் தட்டி உங்களுக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார். அந்த வாடிக்கையாளரை நோஃபாலோ தடுக்காது. வடிவமைப்பாளர் லிங்கின் உண்மையான வருமானம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று. லிங்குக்குப் பதிலாக கூகுள் ரிவியூ கேட்கலாமே என்று அடுத்துத் தோன்றும். இலவசப் பொருளுக்கோ சேவைக்கோ கைம்மாறாக எழுதப்படும் ரிவியூவையும் கூகுள் மேப்ஸ் விதி தடை செய்கிறது.

லெபோபசார்_வலை (பினாங்கு):

மேலே லிங்க் விவகாரத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, இலவசத் தளம் மூன்றாவது வருடம் என்ன ஆகிறது என்பது. தளம் செத்தால் லிங்கும் செத்தது. ஹேக் ஆகிவிட்டால் அதைவிட மோசம், கீழே உங்கள் பெயர் இருக்கும்.

டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் தளத்தைப் பெறுபவரே காசு கட்டட்டும். டிசைன் இலவசம், உழைப்பு இலவசம், ஆனால் வருடா வருடம் வரும் பில் அவர்களுடையது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். காசு கட்டுகிறவர்தான் புதுப்பிக்கும் கடிதத்தைத் திறந்து பார்ப்பார். பத்துத் தளங்களையும் உங்கள் ஒரே ஹோஸ்டிங் கணக்கில் அடுக்கி வைத்தால், ஒன்றில் புகுந்தவன் மற்ற ஒன்பதிலும் புகுவான். எல்லாம் ஒரே இடத்தில் இருந்து ஒரே தளத்துக்கு லிங்க் கொடுப்பது, லிங்குக்காகவே கட்டிய வலைப்பின்னல் போலவும் தெரியும்.

கடைகளுக்கு எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு இருந்தால் டாட் காம் டாட் எம்ஒய் எடுக்கலாம். சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் டாட் ஓஆர்ஜி டாட் எம்ஒய் பொருத்தம். பதிவுப் பத்திரம் கேட்பார்கள், முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் டொமைன் அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். செயலாளரின் சொந்த ஜிமெயிலில் பதிவு செய்வதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறும், பழைய செயலாளர் கோபித்துக்கொண்டு போவார், டொமைன் அவரோடு போய்விடும். கோயில் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லைத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரிடமும் கொடுங்கள். பள்ளி என்றால் தலைமையாசிரியரிடம் மட்டும் பேசி முடிக்காதீர்கள். அவர் மாற்றலாகிப் போகலாம். பிஐபிஜியும் (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) பள்ளி வாரியமும் அறிந்திருக்க வேண்டும்.

புதுப்பிக்காமல் விட்ட டொமைனை ஆன்லைன் சூதாட்டக்காரர்கள் வாங்கிக்கொள்வது சர்வசாதாரணம். பழைய தளத்துக்குச் சேர்ந்திருக்கும் லிங்குகளுக்காகவே வாங்குகிறார்கள். அப்போது உங்கள் ‘நாங்கள் செய்தவை’ பக்கத்தில் கோயில் படத்தைத் தட்டினால் ஸ்லாட் விளையாட்டு திறக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்திலுள்ள ஒவ்வொரு லிங்கையும் தட்டிப் பாருங்கள்.

வேர்ட்பிரஸா எச்டிஎம்எல்லா? மாதத்துக்கு ஒருமுறையாவது உள்ளே நுழைந்து பார்க்க அங்கே ஒரு ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். பெயர் சொல்லி ஒருவரைக் காட்ட முடியாவிட்டால் எச்டிஎம்எல்தான், யோசிக்கவே வேண்டாம். கோயில் தளத்தில் மாறுவது திருவிழாத் தேதியும் சிறப்புப் பூஜையும். அதற்கு ஒரு கூகுள் காலண்டரை ஒட்டிவிட்டால் அவர்களே போனில் மாற்றிக்கொள்வார்கள். பூஜை நேரம், அர்ச்சனை, உபயக் கட்டணம், மண்டப முன்பதிவு எண், வரைபடம் எல்லாம் வருடத்துக்கு ஓரிரு முறை மாறினாலே அதிகம். எச்டிஎம்எல் தளத்தை கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் மாதிரி இடத்தில் காசில்லாமலே வைக்கலாம். சொந்த டொமைனும் இணைக்கலாம். அப்படிச் செய்தாலும் கணக்கை அவர்கள் பெயரில்தான் திறக்க வேண்டும்.

வேர்ட்பிரஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால்:

- பிளகின் (கூடுதல் வசதி தரும் செருகி) ஐந்து ஆறுக்கு மேல் போகாதீர்கள். 5.5 பதிப்பிலிருந்து பிளகின்களுக்கு ஆட்டோ அப்டேட் பொத்தான் உள்ளேயே இருக்கிறது, எல்லாவற்றுக்கும் போட்டுவிடுங்கள்.
- காசு கட்டும் தீமின் (தளத்தின் தோற்றத் தொகுப்பு) ‘நல்ட்’ பதிப்பை, அதாவது பூட்டு உடைத்த திருட்டுப் பிரதியை, எங்கேயாவது இருந்து இறக்கிப் போடாதீர்கள். பின்வாசல் கோடு அதோடு சேர்ந்தே வரும்.
- அட்மின் கணக்கு ஒன்று அல்லது இரண்டு. அறிவிப்பு போடுகிறவருக்கு எடிட்டர் உரிமை போதும்.
- பேக்கப் அதே சர்வரில் மட்டும் இருந்தால் அது பேக்கப்பே இல்லை. இன்னொரு இடத்துக்கும் போக வேண்டும்.

ஹேக் ஆனது பல மாதம் தெரியாமலே இருக்கும். காரணம், புகுந்தவன் சூதாட்டப் பக்கத்தை கூகுள்பாட்டுக்கு (தளங்களைப் படிக்கும் கூகுளின் நிரல்) மட்டும் காட்டுவான். நீங்கள் திறந்தால் பிள்ளையார் படம்தான் தெரியும். கூகுளில் சைட் கட்டளையோடு (site:) டொமைனைப் போட்டு, கூடவே ‘ஸ்லாட்’, ‘ஜூடி’ (மலாயில் சூதாட்டம்) என்ற சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்துத் தேடிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் சர்ச் கன்சோலில் யுஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் போட்டு, கூகுள் கண்ணுக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள்.

நன்கொடைக்கு டூயிட்நவ் (மலேசியாவில் உடனே பணம் அனுப்பும் முறை) கியூஆர் போடும் கோயில்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். தளத்துக்குள் புகுந்தவன் அந்த ஒரு படத்தை மட்டும் மாற்றினால் நன்கொடை வேறு கணக்குக்குப் போகும். கியூஆருக்குப் பக்கத்திலேயே கணக்கின் பெயரை எழுதி, ‘ஸ்கேன் செய்ததும் இந்தப் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பவும்’ என்று ஒரு வரி போடுங்கள்.

எஸ்எஸ்எல் (தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ்): இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாளில் காலாவதி ஆகும். தானாகப் புதுப்பிக்கும்படி அமைக்க வேண்டும். முன்பு காலாவதிக்கு முன் மின்னஞ்சல் அனுப்புவார்கள். 2025 ஜூனிலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள். ஒருமுறை புதுப்பிப்பு தவறினால், ‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்று வரும்வரை யாருக்கும் தெரியாது.

வேலையின் அளவையும் எழுதி வையுங்கள். ஐந்து பக்கம், இரண்டு முறை திருத்தம், அதற்கு மேல் கட்டணம். எழுத்தும் படமும் கைக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். இலவச வேலை இழுத்துக்கொண்டே போவது டிசைனால் இல்லை, ‘படம் அடுத்த வாரம் அனுப்புகிறேன்’ என்பதால். பள்ளித் தளத்தில் பிள்ளைகளின் படத்தோடு முழுப்பெயரும் வகுப்பும் சேர்த்துப் போடாதீர்கள். பெற்றோர் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். கடைத் தளத்தில் பெயர், போன் எண் வாங்கும் படிவம் வைத்தால் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அறிவிப்பு வேண்டும். அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தமிழில் மட்டும் போட்டு முடித்துவிட முடியாது.

எழுத்துருக்காரி (பட்டர்வொர்த்):

நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். பத்துப் பேருக்குத் தனித்தனியாகச் செய்வதைவிட, ஒரே ஒரு நல்ல டெம்ப்ளேட் செய்து எல்லோருக்கும் திறந்து விடுங்கள். லிங்க் கிடைக்க அதுதான் நேர்மையான வழி, நீண்ட நாள் நிற்கிற வழியும்கூட.

கோயிலுக்கோ தமிழ்ப்பள்ளிக்கோ ஏற்ற, தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் ஒழுங்காக ஓடும் இலவச டெம்ப்ளேட் கிடைப்பது அரிது. வெளிநாட்டு டெம்ப்ளேட்டில் தமிழைப் போட்டால் எங்கெங்கே உடைகிறது என்று தெரிந்தவர்கள் செய்தால்தான் சரியாக வரும். எந்தெந்த இடங்கள் என்றால்:

மெனுவில் ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டிக்குள் ‘தொடர்புக்கு’, ‘மண்டப முன்பதிவு’, ‘நிர்வாகக் குழு’ அடங்காது. ஏழு தலைப்பு உள்ள மெனு இரண்டு வரியாகி லோகோ மேல் ஏறும். தமிழுக்கு ஐந்து தலைப்புதான் கணக்கு. அகலத்தைக் கட்டிப்போடாமல் சொல்லின் நீளத்துக்கு விட்டுவிடுங்கள். வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு 1.4 போதும், தமிழுக்கு 1.6க்குக் குறைந்தால் மேல் வரியின் கீழ்க்கொம்பும் கீழ் வரியின் புள்ளியும் முட்டும். சிஎஸ்எஸ்ஸில் லெட்டர் ஸ்பேசிங் போட்ட தலைப்புகளைத் தமிழ்ப் பக்கத்தில் பூஜ்ஜியமாக்குங்கள். ‘கொ’ போன்ற எழுத்து துண்டுதுண்டாகப் பிரிந்து நிற்கலாம், படிக்கவே கஷ்டம். நீண்ட சொல் போன் திரையைத் தாண்டி வெளியே ஓடாமல் இருக்க ஓவர்ஃப்ளோ ராப் போட வேண்டும். பக்கத்தின் மொழிக் குறி தமிழுக்கு ‘டிஏ’ என்றும் மலாய்க்கு ‘எம்எஸ்’ என்றும் இருக்க வேண்டும். மூன்று மொழிப் பக்கங்களையும் எச்ரெஃப்லேங் (இதே பக்கம் வேறு மொழியில் எங்கே என்று சொல்லும் குறி) வழியாக ஒன்றோடொன்று கட்டிவிடுங்கள். ஒரு பக்கம் மற்றதைக் காட்டி, மற்றது திருப்பிக் காட்டாவிட்டால் கூகுள் அதைக் கணக்கில் எடுக்காது.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, கேடமரன் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. இரண்டு தடிமன் போதும், சாதாரணம் ஒன்று, தடித்தது ஒன்று. ஐந்து தடிமனை ஏற்றினால் எஸ்டேட் பக்கம் சிக்னல் குறைந்த இடத்தில் பக்கம் திறக்கவே நேரம் பிடிக்கும். எழுத்துரு வந்து சேரும்வரை பக்கம் வெறுமையாக நிற்காமல் இருக்க ஃபாண்ட் டிஸ்பிளே ஸ்வாப் போடுங்கள்.

கோயில்கள் பழைய அழைப்பிதழ், தல வரலாறு எல்லாவற்றையும் பாமினி என்ற, யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் தருவார்கள். அதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பாமினி எழுத்துருவையே தளத்தில் ஏற்றிச் சரிக்கட்டும் ஆட்களும் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தமிழ், கூகுளுக்குப் பொருளற்ற எழுத்து. தேடலில் அந்தப் பக்கம் ஒருநாளும் வராது. யூனிகோடுக்கு மாற்றி, ஒரு முறை ஆள் உட்கார்ந்து படித்தே ஆகவேண்டும். சாமி பெயர்களும் ஸ்ரீ, க்ஷ போன்ற எழுத்துகளும் மாற்றத்தில் அடிக்கடி சிதையும். கணினித் தமிழுக்கு முரசு அஞ்சல் மென்பொருளைக் கொடுத்த நாட்டில் கோயில் தளங்கள் இன்னும் பாமினியில் நிற்க வேண்டியதில்லை.

உரிமத்தையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். வேர்ட்பிரஸ் தீமாகச் செய்து அவர்களின் அதிகாரப்பூர்வ தீம் பட்டியலில் சேர்த்தால் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தோடு ஒத்துப்போக வேண்டும். தீமோடு தரும் படம், எழுத்துரு உட்பட. ஃபுட்டரில் உங்கள் தளத்துக்கு ஒரே ஒரு லிங்க் அனுமதி. ஜிபிஎல் என்பதால் பயனர் அதை எடுத்துவிடலாம், நீங்கள் தடுக்க முடியாது. பிளகின் என்றால் விதி இன்னும் கடுமை. பயனரிடம் கேட்டு அவர் சம்மதித்தால் ஒழிய, பார்வையாளருக்குத் தெரியும் இடத்தில் கிரெடிட் லிங்க் காட்டவே கூடாது. வெறும் எச்டிஎம்எல் டெம்ப்ளேட் என்றால் கிரியேட்டிவ் காமன்ஸின் ‘பெயர் குறிப்பிடுக’ உரிமம் இருக்கிறது. எச்டிஎம்எல்5 அப் டெம்ப்ளேட்டுகள் அந்த உரிமத்தில்தான் வருகின்றன. பெயர் சொல்லச் சொல்லலாம், ஆனால் அந்த லிங்குக்கு நோஃபாலோ போட அவர்களுக்கு உரிமை உண்டு என்று ரீட்மி கோப்பில் எழுதிவிடுங்கள். தேடல்பித்தன் சொன்ன மூன்றாவது விதி அப்போது தொந்தரவு செய்யாது.

இதில் உண்மையான லாபம் ஃபுட்டர் லிங்க் இல்லை. டெம்ப்ளேட்டை இறக்கும் பக்கம் உங்கள் தளத்தில் இருக்கும். தமிழ்க் கணினி ஆட்கள், ஆசிரியர்கள், இளைஞர் மணிமன்றக்காரர்கள் அந்தப் பக்கத்தைத் தாங்களாகவே எடுத்துச் சொல்வார்கள். யாரிடமும் கேட்காமல், பொருத்தமான தளத்திலிருந்து, அவரவர் சொற்களில் வரும் லிங்க் அது. அந்தப் பக்கத்தில் பாமினியை மாற்றும் முறை, மூன்று மொழி மெனு அமைக்கும் முறை, இரண்டையும் படத்தோடு விளக்கி எழுதினால் டெம்ப்ளேட் வேண்டாதவர்களும் வருவார்கள்.

செந்தூல்வாசி (கோலாலம்பூர்):

அனைவருக்கும் மிக்க நன்றி. ஒப்பந்த வரியை எடுத்துவிடுகிறோம். பத்து இடம் என்பதை மூன்றாகக் குறைத்து, அந்த மூன்றுக்கும் ஒரே டெம்ப்ளேட்டைப் பயன்படுத்தி, பிறகு அதையே வெளியிடலாம் என்று நினைக்கிறோம். இரண்டு சந்தேகம் மிச்சம். கோயில் நிர்வாகமே ‘உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால் நோஃபாலோ இல்லாமல் விடலாமா? கடிதத்தில் இதை எப்படி எழுதுவது?

தேடல்பித்தன் (பெட்டாலிங் ஜெயா):

பத்தை மூன்றாக்கியது நல்ல முடிவு.

நிர்வாகம் தானாகச் சொல்கிறது, போட்டாலும் போடாவிட்டாலும் தளம் அவர்களுக்குக் கிடைக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், உங்கள் நிறுவனப் பெயரில் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறது என்றால் அது வழக்கமான வடிவமைப்பாளர் குறிப்பு. நோஃபாலோ இல்லாமல் விடலாம் என்பதே என் கருத்து. மனத்தில் கொஞ்சம் உறுத்தினாலும் போட்டுவிடுங்கள். மூன்று லிங்கால் தேடலில் எந்தப் பெரிய மாற்றமும் வரப்போவதில்லை, இழக்க ஒன்றுமில்லை.

கடிதத்துக்கு இப்படி ஒரு பத்தி போதும்:

‘இத்தளத்தின் வடிவமைப்புக்குக் கட்டணம் இல்லை. தளமும் அதன் கோப்புகளும் டொமைனும் கோயிலுக்கே சொந்தம். வடிவமைப்பாளர் பெயரை ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் குறிப்பிடுவது நிர்வாகத்தின் விருப்பம். குறிப்பிடாவிட்டாலும் பணியில் மாற்றம் இராது. அக்குறிப்பை எப்போது வேண்டுமானாலும் நீக்கவோ மாற்றவோ, அதில் நோஃபாலோ சேர்க்கவோ நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. ஒப்படைத்த நாளிலிருந்து 90 நாள்களுக்குள் தெரியவரும் பிழைகள் இலவசமாகத் திருத்தித் தரப்படும். அதன்பின் பராமரிப்பு நிர்வாகத்தின் பொறுப்பு.’

இதையே மலாயிலும் ஒரு பிரதி கொடுங்கள். பதிவு அலுவலக வேலைகளுக்கு அவர்கள் கோப்பில் வைக்க வசதியாக இருக்கும்.

ஒப்படைக்கும்போது சர்ச் கன்சோலில் கோயில் மின்னஞ்சலை உரிமையாளராகச் சேர்த்துவிட்டு, உங்களை ‘முழுப் பயனர்’ அளவுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்துக்கு எங்கிருந்து லிங்க் வருகிறது என்பதை உங்கள் சொந்த சர்ச் கன்சோலின் லிங்க்ஸ் அறிக்கையில் பார்க்கலாம். எந்தெந்தத் தளங்கள், எந்தச் சொற்களில் என்பது இரண்டும் தனித்தனிப் பட்டியலாக அங்கே இருக்கும்.

அம்பாங்_ஆர்வலர் (கோலாலம்பூர்):

இடையில் ஒரு கேள்வி. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த டிசைன் நிறுவனத்தை வாங்கினால், பழைய வாடிக்கையாளர் தளங்கள் எல்லாவற்றிலும் ‘சீப் வெப் டிசைன் மலேசியா’ என்று ஃபுட்டர் லிங்க் இருக்கிறது. டிஸவ் கோப்பு (இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குத் தரும் பட்டியல்) போட்டுவிட்டால் முடிந்ததா?

தேடல்பித்தன் (பெட்டாலிங் ஜெயா):

டிஸவ் அந்த வேலைக்கு உரியதல்ல. மேனுவல் ஆக்‌ஷன் வந்திருந்தால், அல்லது வந்துவிடும் என்ற நிலை இருந்து, லிங்கை நீங்களே எடுக்க வழியில்லாவிட்டால்தான் அது. பெரும்பாலான தளங்களுக்குத் தேவைப்படாது என்று கூகுளே சொல்கிறது. தவறான டொமைனை அதில் போட்டு நல்ல லிங்கையும் இழந்தவர்கள் நிறைய.

முதலில் உங்கள் கையில் இருக்கும் தளங்களில் ஃபுட்டர் கோப்பைத் திறந்து அந்தச் சொற்களை நிறுவனப் பெயராக மாற்றி, முகப்புப் பக்கத்தில் மட்டும் காட்டும்படி செய்யுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு வாட்ஸ்அப் அனுப்பி அனுமதி கேளுங்கள், தளம் அவர்களுடையது. கை எட்டாத தளங்களுக்கு மின்னஞ்சல் போட்டு, கேட்ட தேதியைக் குறித்து வையுங்கள். பிறகு எப்போதாவது மேனுவல் ஆக்‌ஷன் வந்தால், மறுபரிசீலனை விண்ணப்பத்தில் அந்தக் குறிப்புதான் சான்று. அதற்கும் மசியாதவற்றை மட்டும் டிஸவ் கோப்பில் வரிக்கு ஒரு டொமைனாக எழுதி ஏற்றுங்கள்.

லெபோபசார்_வலை (பினாங்கு):

ஃபுட்டரை மாற்றியபின் கேஷ் (சேமித்து வைத்த பழைய பிரதி) பிளகினையும் கிளவுட்ஃப்ளேர் கேஷையும் காலி செய்ய மறக்காதீர்கள். இல்லையென்றால் பழைய ஃபுட்டரே கூகுளுக்குப் போய்க்கொண்டிருக்கும். வேர்ட்பிரஸ் என்றால் மாற்றத்தைச் சைல்ட் தீமில் (மூலத் தீமைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணைத் தீம்) செய்யுங்கள். நேரடியாகத் தீம் கோப்பில் செய்தால் அடுத்த அப்டேட்டில் பழைய லிங்க் திரும்பி வந்துவிடும்.